இருபது பவுண்டும் ஒரு சைக்கிளும்: ஆப்பிரிக்க நாவல்கள்ல உள்நாட்டுப் போர்

கேட்ட கேள்வி இதுதான்: ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் உள்நாட்டுப் போரையும் அது முடிஞ்சதுக்கு அப்புறம் நடக்கறதையும் எப்படி எழுதறாங்க, எல்லாமே ஏகே 47 தூக்கின சின்னப் பசங்க கதைதானா, புதுசா படிக்கறவங்க எதுல ஆரம்பிக்கலாம்.

எல்லாமே அது இல்லைங்க. அந்த மாதிரி நாவல்களும் இருக்கு, அதுல ரெண்டு மூணு நிஜமாவே பெரிய நாவல், அதுக்குப் பின்னாடி வரேன். ஆனா பல வருஷமா இதுகளைத் தேடித்தேடி வாசிச்சதுல எனக்குப் பட்டது, இவங்க போர்க்களத்தை எழுதறது ரொம்பக் கம்மி. அடுப்பு, பேங்க் பாஸ்புக், பக்கத்து வீட்டுக்காரன், திரும்பி வராத அக்கா, யாருக்கு யார்கிட்ட என்ன பாக்கின்னு ஒரு கணக்கு. படிக்கற நம்ம அந்தக் கணக்கை நேர் பண்ணிட்டு நிம்மதியா புத்தகத்தை மூடிடலாம்னு பார்ப்போம், விடமாட்டாங்க.

முதல்ல ஒரு சிறுகதை. சினுவா ஆச்சிபியோட 'சிவில் பீஸ்'. ('சிதைவுகள்'னு தமிழ்ல என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்புல வந்ததே, அதே ஆச்சிபிதான்.) 1972ல வந்த 'கேர்ள்ஸ் அட் வார்' தொகுப்புல இருக்கு, மொத்தம் ஆறேழு பக்கம்தான். ஜொனாதன்னு ஒருத்தர், போருக்கு முன்னாடி கிழக்கு நைஜீரியாவுல எனுகு ஊர்ல நிலக்கரிச் சுரங்கத்துல வேலை. போர் முடிஞ்சப்போ தன்கிட்ட மிச்சம் இருக்கறதை எண்ணிப் பார்க்கறாரு: தன்னோட தலை, பொண்டாட்டி தலை, நாலு பிள்ளைங்கள்ல மூணு தலை, போனஸா ஒரு பழைய சைக்கிள். நம்ம ஊர்ல தலை தப்பிச்சது தம்பிரான் புண்ணியம்னு சொல்வோமே, அந்த மனநிலை. சைக்கிள் எப்படித் தப்பிச்சதுன்னா, மிலிட்டரிக்கு வேணும்னு ஒருத்தன் வண்டியைப் பிடுங்கப் பார்க்கறான், அவன் கிழிஞ்ச உடுப்பையும் ஷூவையும் பார்த்தா ஆபீசர் மாதிரியே இல்ல, ரெண்டு பவுண்ட் கொடுத்து மீட்டுட்டு அன்னிக்கு ராத்திரியே அதைக் கொண்டுபோய்ப் புதைச்சுடறாரு. எங்க புதைக்கறாரு? முகாம்ல செத்தவங்களைப் புதைக்கற இடத்துல, அவரோட கடைசிப் பையனும் அங்கதான் கிடக்கான். ஒரு வருஷம் கழிச்சு, போர் முடிஞ்சதும் தோண்டி எடுத்தா வண்டி அப்படியே இருக்கு, கொஞ்சம் பாமாயில் விட்டதும் ஓடுது. அதை டாக்சியா ஓட்டறாரு. ஆச்சிபி அந்தப் பையனைப் பத்தி அதுக்கு மேல ஒரு வரி எழுதலை. சைக்கிளைத் தோண்டற சீன்ல பிள்ளையைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம விட்டதுதான் எனக்கு இத்தனை வருஷமா மறக்கலை.

அப்புறம் அரசாங்கம் ஒரு பணம் கொடுக்குது. பையாஃப்ரா, அதாவது அந்தப் போர்ல தோத்த தனி நாடு, அதோட நோட்டை ஒப்படைச்சா கையில 20 பவுண்ட் நைஜீரியப் பணம். 'எக்ஸ் கிரேஷியா', கருணைத்தொகைங்கற ஆபீஸ் வார்த்தை, சனங்க வாயில நுழையாம 'எக் ரேஷர்' ஆயிடுது. அன்னிக்கு ராத்திரியே திருடனுங்க வந்து கதவைத் தட்டறாங்க, குடும்பமே அலறுது, அக்கம்பக்கத்துல ஒரு சத்தம் கிடையாது, உடனே திருடனுங்களே சேர்ந்து "போலீஸ் போலீஸ்"னு கத்தி உதவி பண்றாங்க, போர் முடிஞ்சு போச்சு, இப்போ நடக்கறது சமாதானம்னு நக்கல் வேற. 20 பவுண்டும் போகுது. மறுநாள் காலைல துக்கம் விசாரிக்க வந்தவங்க பார்த்தா அம்மா அக்காரா வடை சுட்டுட்டு இருக்கா, மனுஷன் கள்ளுக்கு டப்பாவை சைக்கிள் கேரியர்ல கட்டிட்டு இருக்காரு. போன வாரம் அந்தப் பணத்தை நம்பியா இருந்தேன்னு கேட்கறாரு. சிரிப்பு வருது, சிரிச்சு முடிச்சதும் ஒரு மாதிரி இருக்கு.

அந்த 20 பவுண்ட் கற்பனை இல்லைங்க. கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். நைஜீரியா 1960ல சுதந்திரம் வாங்குது. 1966 ஜனவரியில ஒரு ராணுவப் புரட்சி, ஜூலையில எதிர்ப்புரட்சி, அந்த வருஷமே வடக்குல இருந்த, கிழக்கைச் சேர்ந்த இக்போ இன மக்களைக் கொத்துக் கொத்தா கொல்றாங்க, தப்பிச்சவங்க லட்சக்கணக்குல கிழக்குக்கு ஓடி வராங்க. 1967 மே 30ல கிழக்குப் பகுதியோட ராணுவ ஆளுநர் ஒஜுக்வு பையாஃப்ராவைத் தனி நாடுன்னு அறிவிக்கறாரு, ஜூலையில போர், 1970 ஜனவரி 15ல சரணாகதி. குண்டுல செத்தவங்களை விட முற்றுகையால பட்டினியில செத்தவங்கதான் அதிகம், பத்து லட்சத்துல இருந்து முப்பது லட்சம் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு எண் சொல்றாங்க. ஜெயிச்சவனும் இல்ல தோத்தவனும் இல்லன்னு கோவனோட மத்திய ராணுவ அரசு அறிவிச்சுது. கேட்க நல்லா இருக்கு. ஆனா பேங்க்ல எவ்வளவு போட்டு வெச்சிருந்தாலும், போர்க்காலத்துல அந்த அக்கவுன்ட்டைத் தொட்டிருந்தா கைக்கு வந்தது 20 பவுண்ட்தான். போர்ட் ஹார்கோர்ட்ல இக்போக்காரங்க விட்டுட்டு ஓடின வீடுகளுக்குக் 'கைவிடப்பட்ட சொத்து'ன்னு பேர் வெச்சு அடுத்தவங்க குடியேறிட்டாங்க. 1972ல வெளிநாட்டுக் கம்பெனிப் பங்குகளை உள்ளூர்க்காரங்க வாங்கலாம்னு சட்டம் வருது, 20 பவுண்ட் வெச்சிருக்கறவன் எந்தப் பங்கை வாங்குவான்? இதெல்லாம் தெரிஞ்சுட்டு அந்தக் கதையைத் திரும்பப் படிங்க, ராத்திரி வந்த திருடனுங்க மட்டும்தான் திருடனுங்களான்னு தோணும்.

ஆச்சிபி அந்தப் போர்ல பையாஃப்ராவுக்காக வேலை பார்த்தவரு, நண்பர் கிறிஸ்டோஃபர் ஒகிக்போ, பெரிய கவிஞர், 1967லயே சண்டையில செத்துட்டாரு. ஆனா ஆச்சிபி போரை வெச்சு நாவலே எழுதலை. கவிதை எழுதினாரு, கதை எழுதினாரு, 2012ல ஒரு நினைவுக் குறிப்பு வந்துது, அடுத்த வருஷம் போயிட்டாரு. பக்கத்துல நின்னு பார்த்தவருக்கு நாவல் வரலை, போர் முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சுப் பிறந்த பொண்ணுக்கு வந்துது.

அது சிமமாண்டா அடிச்சி. 1977ல பிறந்தவங்க, ரெண்டு தாத்தாவும் அந்தப் போர்ல போனவங்க. 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்', 2006ல வந்துது, அடுத்த வருஷம் ஆரஞ்சு பரிசு. பையாஃப்ரா கொடியில இருக்கற பாதிச் சூரியன்தான் தலைப்பு. நுசுக்கா யுனிவர்சிட்டி வாத்தியார் ஒடெனிக்போ, அவரோட காதலி ஒலானா, ஒலானாவோட இரட்டைச் சகோதரி கைனெனெ, அவளைக் காதலிக்கற வெள்ளைக்காரன் ரிச்சர்ட், வீட்டு வேலைக்கு கிராமத்துல இருந்து வர்ற பையன் உக்வு. நாவல் அறுபதுகளோட தொடக்கம், பிற்பகுதி, திரும்பத் தொடக்கம், திரும்பப் பிற்பகுதின்னு மாறி மாறிப் போகுது, அதனால போருக்கு நடுவுல திடீர்னு பழைய டைனிங் டேபிள் அரட்டைக்குப் போயிடுவோம், அந்த வீட்டோட கதி தெரிஞ்சுட்டே அரட்டையைக் கேட்கணும்.

ஒரு சீன் சொல்றேன். வடக்குல கொலை நடந்து தப்பிச்சு ஒலானா ரயில்ல வரா. பக்கத்துல ஒரு பொம்பளை மடியில சுரைக்குடுக்கை. திறந்து காட்டறா. உள்ள அவ பொண்ணோட தலை. அந்தப் பொம்பளை அழலை, கத்தலை, இந்த முடியைப் பின்னி விட எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா, அவ்வளவு அடர்த்தின்னு சொல்றா. அவ்வளவுதான். நம்ம வீட்ல பொண்ணுக்குத் தலை பின்னி விட்ட யாருக்கும் அந்த வரிக்கு மேல விளக்கம் வேண்டாம்.

ஆனா இந்த நாவல்ல எனக்கு முக்கியம்னு படறது வேற. உக்வு இருக்கானே, அவன்தான் நமக்கு ரொம்பப் பிடிச்ச கேரக்டர், நாவல் தொடங்கறதே அவன் கண்ணுல, ஃப்ரிட்ஜைப் பார்த்து வாய் பிளக்கறவன், சமையல் கத்துக்கறவன், எழுத்துப் படிக்கறவன். அவனைப் பட்டாளத்துல பிடிச்சுப் போட்டுடறாங்க. ஒரு நாள் கள்ளுக்கடை மாதிரி ஒரு பார்ல கூட இருக்கற சிப்பாய்ங்க அங்க வேலை செய்யற பொண்ணைக் கெடுக்கறாங்க, நீ ஆம்பளை இல்லையாடான்னு உசுப்பேத்தறாங்க, உக்வுவும் பண்றான். அடிச்சி இதுக்குச் சாக்கு எதுவும் வைக்கலை. அப்புறம் போர் முடிஞ்சு அவன் ஊருக்குப் போறான், அவன் கூடப் பிறந்தவளுக்கும் சிப்பாய்ங்க அதையேதான் பண்ணியிருக்காங்க. ரெண்டையும் ஆசிரியர் கோர்த்துக் காட்டறது இல்ல, நம்மகிட்ட விட்டுடறாங்க, நாமதான் ராத்திரி முழிச்சுட்டுக் கிடக்கணும்.

இன்னொண்ணு. நாவலுக்கு உள்ள ஒரு புத்தகத்தோட துண்டு துண்டான குறிப்புகள் வருது, நாங்க செத்தப்போ உலகம் வாயே திறக்கலைங்கற அர்த்தத்துல அதுக்குத் தலைப்பு. ரிச்சர்ட்தான் எழுத்தாளன், அதனால அவன் எழுதறதுன்னு நினைச்சுட்டே படிப்போம். கடைசியில பார்த்தா எழுதினது உக்வு. இது என் கதை இல்லன்னு ரிச்சர்டே ஒதுங்கிக்கறான். சரி, கதை சொல்ற உரிமை வெள்ளைக்காரன்கிட்ட இருந்து உள்ளூர்ப் பையனுக்கு வந்துடுச்சு, நல்லதுதானேன்னு பல விமர்சனங்கள் அத்தோட முடிச்சுக்குது. ஆனா பேனா யார் கைக்கு வருது? அந்தப் பார்ல அதைப் பண்ணினவன் கைக்கு. அந்தப் பொண்ணு கைக்கு வரலை. அடிச்சி இதைத் தெரிஞ்சேதான் பண்ணியிருக்காங்கன்னு நினைக்கறேன், இல்லாட்டி இந்த நாவல் இத்தனை நாள் நிக்காது. கைனெனெ எதிரி எல்லையைத் தாண்டி வியாபாரத்துக்குப் போனவ திரும்பி வரவே இல்ல, செத்தாளா இருக்காளான்னும் கடைசி வரைக்கும் தெரியாது.

பெண்கள் பக்கத்துல இருந்து அடிச்சிக்கு முன்னாடியே எழுதினவங்க உண்டு, அவங்க பேர் அவ்வளவா வெளிய வரலை. ஃப்ளோரா ந்வாபாவோட 'நெவர் அகெய்ன்', 1975, சின்ன நாவல். உக்வுட்டாங்கற ஊரு விழப் போகுதுன்னு எல்லாருக்கும் மனசுக்குள்ள தெரியும், வாயைத் திறந்து சொன்னா துரோகின்னு பட்டம் கட்டிடுவாங்க, அதனால ஊரே கூட்டம் போட்டுப் பொய் பேசிட்டு இருக்கு. ஏரியில இருக்கற அம்மன் உஹாமிரி காப்பாத்துவான்னு ஒரு நம்பிக்கை வேற. பிரச்சாரத்தைச் சொந்த சனங்க மேலயே எப்படிப் பிரயோகிக்கறாங்கங்கறதுக்கு இந்த நாவல் போதும். புச்சி எமெச்செட்டாவோட 'டெஸ்டினேஷன் பையாஃப்ரா' 1982, நோக்கம் பெருசு, கேரக்டர்கள் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி பேசறாங்கங்கறது என் குறை, ஆனா ரெண்டு படைக்கும் நடுவுல மாட்டின இக்போக்காரங்க நிலைமை அதுல நல்லா வருது.

இப்போ சின்னப் பசங்க கதைக்கு வரேன். 2005ஐ ஒட்டி மேற்கத்திய பதிப்பகங்கள்ல இந்த வகைக்கு ஒரு கிராக்கி இருந்துது, மறுக்கலை. அதே வருஷம்தான் கென்யாக்காரர் பின்யவங்கா வைனைனா, ஆப்பிரிக்காவைப் பத்தி எழுதணும்னா அட்டையில துப்பாக்கியும் எலும்பு தெரியற மாரும் வைங்கடான்னு கிண்டல் பண்ணி ஒரு கட்டுரை எழுதினாரு. ஆனா அந்தக் கிராக்கிக்கு முன்னாடியே, 2000ல, ஐவரி கோஸ்ட் எழுத்தாளர் அமாது குருமா பிரெஞ்சுல ஒரு நாவல் எழுதிட்டாரு. 'அல்லா நெ பா ஒப்ளிஷே', அதாவது இந்தப் பூமியில பண்ற எல்லாத்துலயும் நியாயமா இருந்தாகணும்னு அல்லாவுக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஜிபூட்டியில பள்ளிக்கூடப் பசங்க கேட்டுக்கிட்டதால எழுதினதுன்னு அவங்களுக்கே சமர்ப்பணம். அந்த வருஷம் ரெனோடோ பரிசும் வாங்கிச்சு.

பிராஹிமான்னு பத்துப் பன்னெண்டு வயசுப் பையன், அம்மா செத்ததும் அத்தையைத் தேடி லைபீரியாவுக்குக் கிளம்பறான், கூட நோட்டு ரெட்டிப்பு பண்றேன்னு சொல்ற ஒரு மந்திரவாதி. வழியிலயே சிப்பாய் ஆயிடறான். அவன் கையில நாலு அகராதி இருக்கு. நடுநடுவுல அடைப்புக்குறி போட்டு அர்த்தம் சொல்லிட்டே போறான், பெரிய பிரெஞ்சு வார்த்தையை ஆப்பிரிக்கனுக்கு விளக்கறான், ஆப்பிரிக்க வார்த்தையை பிரெஞ்சுக்காரனுக்கு விளக்கறான், பிட்ஜின் இங்கிலீஷை, அதாவது உள்ளூர்ப் பேச்சு கலந்த இங்கிலீஷை, ரெண்டு பேருக்கும் விளக்கறான். முதல்ல காமெடியா இருக்கும். அப்புறம் 'மனிதாபிமானத் தலையீடு' மாதிரி ஒரு ஐ.நா. வார்த்தைக்கு அந்தப் பையன் அகராதி அர்த்தம் சொல்றப்போ காமெடி போயிடும், ஏன்னா அந்தச் சொல்லுக்கும் அவன் முன்னாடி கிடக்கற பிணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. கூட இருந்த பசங்க ஒவ்வொருத்தனா சாகறப்போ அஞ்சலி சொல்றான், இவன் எங்க பிறந்தான், எப்படிச் சிப்பாய் ஆனான்னு. சிலருக்கு, இவனுக்குச் சொல்ல எனக்கு மூட் இல்ல, கட்டாயமும் இல்லன்னுட்டுத் தாண்டிப் போயிடறான். லைபீரியாவோட சார்ல்ஸ் டெய்லர், சியரா லியோனோட ஃபோடே சங்கோ மாதிரி நிஜப் போர்த் தலைவர்கள் எல்லாரும் சொந்தப் பேர்லயே வராங்க, குருமாவுக்குப் பயம் கிடையாது, தன் நாட்டு அரசியல்ல ஜெயிலும் நாடுகடத்தலும் பார்த்தவரு.

கிறிஸ் அபானியோட 'சாங் ஃபார் நைட்' 2007, ரொம்பச் சின்ன நாவல். கண்ணிவெடி தேடற பசங்களுக்கு முன்கூட்டியே குரல்வளையை அறுத்துடறாங்க, ஏன்னா ஒருத்தன் வெடிச்சுக் கத்தினா மத்தவன் மிரண்டு கால் தடுமாறுவான். அதனால சைகை பாஷை. அத்தியாயத் தலைப்பு ஒவ்வொண்ணும் ஒரு சைகையோட வர்ணனை. உசோதின்மா இவியாலாவோட 'பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்' 2005, படமாவும் வந்துது 2015ல. நாடு பேரே இல்லாம எழுதியிருக்காரு, எனக்கு அது ஒரு குறைதான், பேர் இல்லாத நாடுன்னா படிக்கற வெள்ளைக்காரனுக்கு எல்லா ஆப்பிரிக்காவும் ஒண்ணுன்னு ஆயிடுது, ஆனா முடிவுல அந்தப் பையன் ஆகு, நான் பண்ணினதைச் சொன்னா என்னை மிருகம்னு நினைப்பீங்க, ஆனா எனக்கும் ஒரு அம்மா இருந்தா, அவ என் மேல பாசமா இருந்தாங்கற மாதிரி சொல்றான், அந்த இடத்துல குறை சொல்ல வாய் வராது.

போருக்கு அப்புறம் என்னங்கறதுக்கு சியரா லியோன் நாவல்கள்தான் என் முதல் தேர்வு. 1991ல இருந்து 2002 வரைக்கும் போர். 1999ல லோமேயில ஒப்பந்தம், போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு. மன்னிப்பு கொடுத்தாச்சுன்னா அவன் எங்க போவான்? ஊருக்குத்தான் வருவான். உன் தெருவுக்கு.

அமினாட்டா ஃபோர்னாவோட 'தி மெமரி ஆஃப் லவ்', 2010. லண்டன்ல இருந்து ஃப்ரீடவுனுக்கு வர்ற ஏட்ரியன்ங்கற உளவியலாளர், கை மன்சாரேன்னு தூக்கம் வராத உள்ளூர் சர்ஜன், சாகக் கிடக்கற ஒரு பழைய பேராசிரியர், மூணு பேரும் மாறி மாறி. ஆக்னஸ்னு ஒரு பொம்பளை வரா, திடீர் திடீர்னு வீட்டை விட்டுக் கிளம்பி நடந்துடறா, நாள்கணக்கா, எங்க போறோம்னே தெரியாம. ஏட்ரியன் தன் புத்தகத்துல தேடி அதுக்கு ஒரு பேர் கண்டுபிடிச்சுச் சந்தோஷப்படறாரு. காரணம் பின்னாடிதான் தெரியுது. அவ புருஷனைக் கண்ணு முன்னாடி கொன்னவன் இப்போ அவ மருமகன். முகாம்ல இருந்து திரும்பி வந்து பார்த்தா பொண்ணு அவனைக் கட்டிக்கிட்டிருக்கா, பொண்ணுக்கு விஷயம் தெரியாது, சொன்னா பொண்ணு வாழ்க்கை போச்சு, சொல்லாட்டி தினம் அவனுக்குச் சோறு போடணும், ஊரே தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கு. அந்த வீட்ல இருக்கவும் முடியாம விட்டுட்டுப் போகவும் முடியாம காலு தானா நடக்குது. இங்க எல்லாருக்குமே மனநோய்னு வெளிநாட்டு ஆய்வு சொல்றதா ஒரு பேச்சு வரும், அதுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரித் தலைவர், நீங்க அதை நோய்ங்கறீங்க, நாங்க வாழ்க்கைங்கறோம்னு சொல்லிட்டுப் போயிடுவாரு.

அந்தப் பேராசிரியர் எலியாஸ் கோல் இருக்காரே, அவர்தான் நாவலோட மூளை. அவர் யாரையும் வெட்டலை. எழுபதுகளுக்கு முன்னாடியே தொடங்கி, தன் சௌகரியத்துக்காகச் சின்னச் சின்னதா போலீசுக்கு விட்டுக்கொடுத்தவரு, இப்போ அதைக் காதல் கதை மாதிரி அழகாச் சொல்றாரு, நாமும் முதல் நூறு பக்கம் நம்பிடுவோம். ஃபோர்னாவோட அப்பா முகமது ஃபோர்னா நிதியமைச்சரா இருந்தவரு, சியாகா ஸ்டீவன்ஸ் ஆட்சியில 1975ல தூக்குல போட்டாங்க. போர் தொடங்கினது 1991ல. நடுவுல இருக்கற பதினாறு வருஷம் வாயை மூடிட்டு இருந்த படிச்சவங்க கணக்குல எழுதப்பட வேண்டியதுன்னு அந்தப் பொண்ணு நினைச்சா நாம என்ன சொல்ல முடியும்.

இஷ்மாயில் பீயாவோட 'ரேடியன்ஸ் ஆஃப் டுமாரோ' 2014 நாவல், அவரே முன்னாள் சிறுவர் சிப்பாய். இம்பெரிங்கற கிராமத்துக்கு மாமா காடின்னு ஒரு பாட்டி முதல் ஆளா திரும்பி வரா. வழியெல்லாம் எலும்பு. தாத்தா ஒருத்தரும் வந்து சேரறாரு, ரெண்டு பேருமா எலும்பு பொறுக்கறாங்க, எது யாரோடதுன்னு தெரியாது. அப்புறம் தானும் ரெண்டு பிள்ளைங்களும் கை வெட்டுப்பட்ட ஒரு அப்பா வராரு. அவங்க கையை வெட்டினவனும் அதே ஊர்ல வந்து, தண்ணி தூக்கிக் கொடுக்கறது, வேலை செய்யறதுன்னு ஒதுங்கி ஒதுங்கி உழைக்கறான். நாவலோட ரெண்டாம் பாதியில ரூடைல் தாதுச் சுரங்கக் கம்பெனி வந்து தண்ணியையும் இடுகாட்டையும் நாசம் பண்ணுது, எழுத்து அங்க தளர்ந்து அறிக்கை மாதிரி ஆயிடுது, ஆனா முதல் பாதிக்காகவே படிக்கலாம்.

போர்த்துக்கீசிய மொழியில எழுதறவங்க வேற ரூட். மொசாம்பிக்ல 1977ல இருந்து 1992 வரைக்கும் போர், அது முடிஞ்ச அதே 1992ல மியா கூட்டோவோட 'டெர்ரா சொனாம்புலா', தூக்கத்துல நடக்கற தேசம். எரிஞ்சு போன ஒரு பஸ்ஸுக்குள்ள ஒரு கிழவரும் ஒரு பையனும் தங்கறாங்க, பக்கத்துல கிடந்த பெட்டியில கிண்ட்ஸுன்னு செத்துப் போனவனோட நோட்டுப் புத்தகங்கள். தினம் சாயங்காலம் பையன் வாசிக்க வாசிக்க பஸ்ஸைச் சுத்தி இருக்கற நிலம் மாறிட்டே இருக்கு. அந்த நோட்டுல ஒரு இடம்: கிண்ட்ஸுவோட தம்பிக்கு, நாட்டோட சுதந்திர நாளான ஜூன் 25தான் பேரு. பையன் செத்துடுவான்னு அப்பா கனவு கண்டு, அவனைக் கோழிக்கூண்டுல ஒளிச்சு வைக்கறாரு. இறகு ஒட்டி விடறாங்க, கொக்கரிக்கக் கத்துக்கொடுக்கறாங்க, கொஞ்ச நாள்ல மனுஷப் பேச்சு மறந்துடுது, ஒரு நாள் கூண்டுல ஆளே இல்ல. சுதந்திரத்துக்கு என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டா நான் இந்த ரெண்டு பக்கத்தைத்தான் காட்டுவேன். அங்கோலாக்காரர் அகுவலூசா இன்னும் சாமர்த்தியம், அவரோட ஒரு நாவல்ல, தலைநகர் லுவாண்டாவுல சுதந்திரத்துக்கு முந்தின நாள் பயத்துல தன் ஃப்ளாட் வாசலுக்குச் செங்கல் சுவர் வெச்சு அடைச்சுட்டு, 1975ல தொடங்கி கிட்டத்தட்ட முப்பது வருஷம் உள்ளேயே கிடக்கற ஒரு அம்மா, புறா பிடிச்சுத் தின்னு, புத்தகத்தை எரிச்சு அடுப்பு மூட்டி, கரியால சுவர்ல எழுதிட்டு. வெளிய போர் நடக்குது, நமக்குக் கேட்கறது ஜன்னல் வழியா வர்ற சத்தம்தான்.

சோமாலியாவுக்கு நூருதீன் ஃபாரா, நதீஃபா முகமது ரெண்டு பேரையும் குறிச்சு வெச்சுக்கோங்க, தனியாப் பேசணும். ருவாண்டாவை இந்த வரிசையில சேர்க்கலாமாங்கறதே ஒரு சண்டை. 1994ல நூறு நாள்ல கிட்டத்தட்ட எட்டு லட்சம் பேர், அதை உள்நாட்டுப் போர்னு சொல்றது கொன்னவனுக்கும் செத்தவனுக்கும் சம மார்க் போடற வேலைன்னு பலர் கோபப்படறாங்க, நியாயமான கோபம். 1998ல ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து அங்க போனாங்க, செனகல்காரர் பூபக்கர் போரிஸ் தியோப்போட 'முராம்பி' அதுல பிறந்தது, 2000. ஜிபூட்டியில இருந்த கொர்னீலியஸ் நாடகம் எழுதற எண்ணத்தோட ஊருக்கு வரான், குடும்பமே செத்துடுச்சுன்னு தெரியும். கொல்ல ஏற்பாடு பண்ணினது சொந்த அப்பான்னு இங்க வந்துதான் தெரியுது. நாடகத்தைக் கைவிட்டுடறான். தியோப் பழைய மாயாஜால எழுத்துக்காரர், இந்த நாவல்ல அத்தனையையும் கழட்டி வெச்சுட்டு மொட்டையா எழுதினாரு. அடுத்த நாவலை பிரெஞ்சுல எழுதாம தாய்மொழி வோலோஃப்ல எழுதினாரு.

ஈழ ஞாபகம் வராம தமிழ்ல இதையெல்லாம் படிக்க முடியாதுன்னு தெரியும், அந்த ஒப்பீட்டை ஒரு பத்தியில பண்றது ரெண்டு பக்கத்துக்கும் அநியாயம், அதனால தொடலை.

எதுல ஆரம்பிக்கறதுன்னா 'சிவில் பீஸ்', அப்புறம் அடிச்சி, அப்புறம் ஃபோர்னா. இந்த மூணும் ஆனதும் கென் சரோ விவாவோட 'சோசாபாய்', 1985. இது கடைசியில இருக்கட்டும்னு சொல்றதுக்குக் காரணம் மொழி. சரோ விவா ஒகோனி இனம், பையாஃப்ராவுக்குள்ள மாட்டின சிறுபான்மை, போர்ல மத்திய அரசு பக்கம் நின்னவரு, பின்னாடி அதே நைஜீரியாவுல எண்ணெய்க் கம்பெனிகளுக்கு எதிரா போராடி 1995 நவம்பர் 10ல இன்னும் எட்டுப் பேரோட தூக்குல போடப்பட்டாரு. நாவல்ல மெனேன்னு ஒரு லாரி கிளீனர் பையன், புதுப் பொண்டாட்டி முன்னாடி கெத்தா நிக்கணும்னு யூனிஃபார்முக்கு ஆசைப்பட்டுப் பட்டாளத்துல சேரறான். எந்தப் பக்கம் யாரோட சண்டை போடறோம்னு கடைசி வரைக்கும் அவனுக்கும் தெரியாது, நமக்கும் நாவல் பேர் சொல்லாது. மான்மஸ்ட்வாக்னு ஒருத்தன், மனுஷன் தின்னாகணும்னு அர்த்தம், ஒரு நாள் எதிரியா வந்து சிகரெட் கொடுக்கறான், இன்னொரு நாள் ஆஸ்பத்திரியில நர்ஸா நிக்கறான், இன்னொரு நாள் நம்ம ஆளாவே வரான். மெனே ஊருக்குத் திரும்பினா அம்மாவும் பொண்டாட்டியும் குண்டுல போயாச்சு, அவன் எப்பவோ செத்துட்டான்னும் ஊர்ல வர்ற நோய்க்கு அவனோட பேய்தான் காரணம்னும் ஊரே முடிவு கட்டியிருக்கு. ஓடறான்.

இதை அவர் எழுதினது 'அழுகிப்போன இங்கிலீஷ்'ல, அவரே வெச்ச பேர் அது. பிட்ஜின் கொஞ்சம், பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம், உடைஞ்ச இங்கிலீஷ் கொஞ்சம். ஒரு தடவை முதல் அத்தியாயத்தைத் தமிழ்ல போட்டுப் பார்த்தேன். மெட்ராஸ் பாஷையில போட்டா சினிமா காமெடி ஆயிடுச்சு. நெல்லைப் பேச்சுல போட்டா அழகா வந்துது, அதுதான் தப்பு, அது ஒருத்தனோட முழுசான தாய்மொழி, மெனே பேசறது யாருக்கும் தாய்மொழி இல்லாத ஒண்ணு. மூணாவது தடவை, ரேடியோ செய்தித் தமிழும் சர்க்கார் நோட்டீஸ் தமிழும் அரைகுறையாக் காதுல விழுந்த பையன், மேற்படி, அன்னார், கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் எல்லாத்தையும் அர்த்தம் தெரியாம நடுநடுவுல சொருகிப் பேசற மாதிரி எழுதினேன். ஒரு பக்கம் வரைக்கும் வந்துது. மெனேக்குப் பெரிய பெரிய கிராமர்னா பயம், ரேடியோவுலயும் மேடையிலயும் கிராமர் பெருசாகப் பெருசாக ஊர்ல என்னவோ நடக்கப் போகுதுன்னு அவனுக்குப் புரிஞ்சுடும். அந்த ஒரு பக்கத்தை இன்னும் டிராயர்ல வெச்சிருக்கேன், ரெண்டாவது பக்கத்துல அவன் அம்மா பேசணும், அவளுக்கு என்ன தமிழ் கொடுக்கறதுன்னு தெரியலை.